கார் போகாத கடற்கரை: லூத்ரோ பற்றி வாசகர் கேள்விகள்

கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் தென்கரையில், லிபியக் கடலைப் பார்த்தபடி இருக்கிற சிறு கிராமம் லூத்ரோ. பின்னால் செங்குத்தான மலை. முன்னால் வளைந்த குடா, அதைச் சுற்றி வெள்ளையடித்த வீடுகள். ஊருக்குச் சாலை கிடையாது; படகில் வரவேண்டும், இல்லையென்றால் நடந்து வரவேண்டும். மத்தியதரைக் கடல் தீவுகளில் கூட்டமில்லாத கடற்கரை ஊர் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்ட நம் மொரீஷியஸ் வாசகர்களுக்குச் சென்ற இதழில் இந்தப் பெயரைச் சொல்லியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

மொரீஷியஸிலிருந்து லூத்ரோவுக்கு எப்படிப் போவது? விசா எடுக்க வேண்டுமா? என் மனைவி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்.
— வாசகர், ரோஸ் ஹில்

உங்களுக்கு விசா வேண்டாம், உங்கள் மனைவிக்கு வேண்டும். மொரீஷியஸ் பாஸ்போர்ட் உள்ளவர்கள் 2009 முதல் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. கெடு வரை காத்திருக்காதீர்கள். இருவரில் ஒருவருக்கு விசா தாமதமானால் இருவர் பயணமும் போய்விடும். ஆகவே விமானச் சீட்டுக்குப் பணம் கட்டும் முன் விசா வேலையைத் தொடங்குங்கள்.

விசா வேண்டாதவர்களிடமும் குடிநுழைவில் திரும்பும் சீட்டு, தங்கும் இடத்தின் பதிவு, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்கலாம். இவற்றைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய முறையில் எல்லையில் விரல் ரேகையும் முகப்படமும் பதிவு செய்கிறார்கள், அதனால் முதல் நுழைவில் வரிசை நீளும். எட்டியாஸ் என்ற முன்னனுமதியும் வரவிருக்கிறது. அதற்குக் கட்டணம் 20 யூரோ. உங்கள் தேதிக்கு அது நடைமுறையில் இருக்கிறதா என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய உண்டு.

இனி வழி. துபாய் அல்லது இஸ்தான்புல் வழியாக ஏதென்ஸ் போகலாம், பாரிஸ் வழியாகவும் போகலாம். பாரிஸ் வழி என்றால் குடிநுழைவு அங்கேயே முடிந்துவிடும். அந்த வரிசைக்காக அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஏதென்ஸிலிருந்து கிரீட்டின் ஹானியா நகரத்துக்கு விமானத்தில் 50 நிமிடம். இல்லையென்றால் பிரேயஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறி, விடியற்காலையில் சூடாவில் இறங்கலாம். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் வரை மெட்ரோ ரயில் நேரே போகிறது. சூடாவிலிருந்து ஹானியா 7 கிலோமீட்டர். நகரப் பேருந்து உண்டு.

நாங்கள் கப்பலையே பரிந்துரைக்கிறோம். விடியலில் இறங்கினால் ஹானியா பேருந்து நிலையத்தில் காலை வண்டியைப் பிடித்து, லூத்ரோ படகு புறப்படும் தென்கரைத் துறையான ஹோரா ஸ்ஃபாக்கியோன் போய்விடலாம். ஏறத்தாழ 70 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மாலையில் விமானத்தில் இறங்குகிறவர்களுக்கு அன்று பேருந்தும் கிடைக்காது, படகும் கிடைக்காது. அவர்கள் ஹானியாவில் ஓர் இரவு தங்கத்தான் வேண்டும்.

பேருந்து மலையைக் கடந்து தென்கரைக்கு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள், மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஹோரா ஸ்ஃபாக்கியோன் துறையில் சீட்டுக்கூண்டில் சீட்டு வாங்கிப் படகேறினால் 15 முதல் 20 நிமிடத்தில் லூத்ரோ. வாடகைக் கார் எடுத்தவர்கள் காரை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். லூத்ரோவுக்கு மட்டும் போகிறவர்களுக்குக் கார் வீண் செலவு.

காற்று அடித்தால் படகு ஓடாது என்கிறார்களே. விமானத்தைத் தவறவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, காட்ர் போர்ன்

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். லூத்ரோ பயணம் கெட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் திரும்பும் நாளில்தான் கெடுகிறது. காற்றின் வேகம் அளவு கடந்தால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அது சில மணி நேரமாக இருக்கலாம், ஒரு முழு நாளாகவும் இருக்கலாம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தெற்கிலிருந்து காற்று எழுந்தால் அலை நேரே துறைக்குள் வரும். கோடையில் வடக்கிலிருந்து வருவது மெல்தேமி. அது ஊருக்குப் பின்னால் நிற்கும் ‘வெள்ளை மலைகள்’ என்ற தொடரைத் தாண்டி, பள்ளத்தாக்குகள் வழியே திடீர் திடீரென்று கடலின் மேல் இறங்கும். நம் தீவின் உச்சியான கறுப்பு ஆற்றுச் சிகரம் 828 மீட்டர். அந்த மலைத்தொடரின் உச்சி 2,453 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் காற்றுக்கு முன்னறிவிப்பே இருக்காது.

ஒரே விதிதான்: ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு லூத்ரோவில் இருக்கக் கூடாது, ஹானியாவில் இருக்க வேண்டும். விமானம் ஏதென்ஸிலிருந்து என்றால், இடையில் வரும் கப்பலையோ உள்நாட்டு விமானத்தையோ கணக்கில் சேர்த்து இன்னும் ஒரு நாள் முன்பே கிளம்புங்கள். தனித்தனியாக வாங்கிய சீட்டுகளில் ஒன்று தவறினால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது, நட்டம் உங்களுடையது. பத்து நாள் பயணத்தில் நான்கு அல்லது ஐந்து இரவு லூத்ரோவில், இரண்டு ஹானியாவில் என்று பிரித்தால் மீதி வழிக்குச் சரியாக இருக்கும். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் இந்த ஊரைப் பார்ப்பதே இல்லை. பகல் படகுக்காரர்கள் போன பிறகும், காலைப் படகு வருவதற்கு முன்னும்தான் லூத்ரோ லூத்ரோவாக இருக்கும்.

படகு நின்றே விட்டால்? ஊருக்குப் பின்னால் வளைந்து வளைந்து ஏறும் பாதை 600 மீட்டர் உயரத்திலிருக்கும் அனோபோலி கிராமத்துக்குப் போகிறது. ஒன்றரை முதல் இரண்டு மணி நேர ஏற்றம். அங்கே சாலை இருக்கிறது. வாடகைக் கார் வரவழைத்து ஹோரா ஸ்ஃபாக்கியோன் இறங்கலாம். முதுகுப்பை உள்ளவர்களால் முடியும். சக்கரப் பெட்டியோடு முடியாது. பெட்டி தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படகு, பேருந்து நேர அட்டவணைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், பருவத்துக்குப் பருவமும் மாறும். போன ஆண்டு போனவர் சொன்ன நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். முந்தைய நாள் மாலை துறையில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

எந்த மாதம் நல்லது? பிள்ளைகளுக்கு ஜூலை–ஆகஸ்ட் விடுமுறைதான் தோதாக இருக்கிறது.
— வாசகர், வாக்குவா

மே கடைசி, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி ஆகியவைதான் சிறந்த காலம். மே மாதத்தில் கடல் 19, 20 டிகிரி. நம் குளிர்காலக் கடலைவிடக் குளிர். செப்டம்பரில் 25, 26 டிகிரி. கோடை முழுக்கச் சூடேறிய நீர் அப்போதும் சூட்டை வைத்திருக்கும். அக்டோபர் கடைசியில் விடுதிகள் ஒவ்வொன்றாக மூடிவிடும். குளிர்காலத்தில் ஊரே பூட்டிக் கிடக்கும்.

ஜூலை–ஆகஸ்டில் போகவே கூடாது என்றில்லை. ஆனால் வெயில் கடுமை, அறை கிடைப்பது கடினம், விலையும் உச்சம். ஆகஸ்ட் 15 மாதாவின் பெருவிழா. கிரேக்கர்களே குடும்பத்தோடு கடற்கரைக்கு இறங்கும் வாரம் அது. முடிந்தால் அந்த வாரத்தைத் தவிர்த்து ஜூலையிலேயே போய்விடுங்கள்.

சிறு பிள்ளைகள் என்றால் லூத்ரோவை மட்டும் நம்பாதீர்கள். அங்கே கரை முழுக்கக் கூழாங்கல், சில அடியிலேயே ஆழம். ஹோரா ஸ்ஃபாக்கியோனுக்குக் கிழக்கே ஃபிராங்கோகாஸ்தெல்லோ என்ற இடத்தில், 14ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டையின் அடியில், மணலும் ஆழமில்லாத நீரும் இருக்கின்றன. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் லகூனில் விளையாடிப் பழகிய பிள்ளைக்கு அது பிடிக்கும். அங்கே இரண்டு நாள், லூத்ரோவில் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கே பலையோஹோராவிலும் நல்ல மணல் உண்டு. அது கடைவீதியுள்ள சிறு நகரம். பேருந்து நேரே போகும்.

கடலில் என்ன ஆபத்து? நாங்கள் எல்லோரும் நீந்தத் தெரிந்தவர்கள்தான்.
— வாசகர், மாஹேபூர்

நம் தீவின் பெரும்பகுதியைப் பவளப்பாறை சுற்றி நிற்கிறது. அதற்கு உள்ளே நீந்திப் பழகியவர்கள் பாறை தடுக்கும் என்ற நினைப்பிலேயே இருப்பார்கள். கிரீட்டில் அந்தத் தடுப்பு இல்லை. கரையை விட்டால் திறந்த கடல்.

பெரிய ஆபத்து, பார்க்க அமைதியாக இருக்கும் நாளில்தான் வரும். வடக்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர நீர் கண்ணாடிபோல் கிடக்கும். காற்றடைத்த மெத்தையிலோ துடுப்புப் பலகையிலோ பிள்ளை உட்கார்ந்திருந்தால், சில நிமிடத்தில் கைக்கெட்டாத தூரம் போய்விடும். துடுப்புப் போட்டும் திரும்ப முடியாது. மெத்தையைக் கொண்டுபோகவே வேண்டாம். காற்று நாளில் பலகையை வாடகைக்குக் கேட்காதீர்கள்.

பாறையில் கடல் முள்ளெலி உண்டு. ரப்பர் அடிப்பாகம் உள்ள நீர்க்காலணி அவசியம். கூழாங்கல் சூட்டுக்கும் அதுதான் துணை. மணல் தரையில் டிராகேனா என்ற மீன் புதைந்து கிடக்கும். சூயஸ் கால்வாய் வழியாக வந்து பெருகிய சிங்கமீனும் இப்போது அங்கே உண்டு. இரண்டின் முள்ளிலும் விஷம். நம் ஊரில் லாஃப் என்கிற கல்மீனுக்குச் செய்கிற முதலுதவியே இவற்றுக்கும்: தோல் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், 40 முதல் 45 டிகிரிக்குள், அரை மணிக்கு மேல் குத்திய இடத்தை அமிழ்த்தி வையுங்கள். வலியில் மரத்த கால் கொதிநீரையும் உணராது, ஆகவே சூட்டை வேறொருவர் கையால் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் 112 அழையுங்கள். பெரிய மருத்துவமனை ஹானியாவில்தான்; நாள்பட்ட நோய்க்கான மருந்து, பயணக் காப்பீடு இரண்டும் கையோடு இருக்கட்டும்.

புரட்டாசி விரதத்தில் இருப்போம். ஏழு கறிச் சைவச் சாப்பாட்டுக்கு வழியில்லாத ஊரில் என்ன சாப்பிடுவது?
— வாசகி, த்ரியோலே

புரட்டாசியும் கிரீட்டின் நல்ல பருவமும் ஒன்றாக வருகின்றன. சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மரக்கறிக்காரர்களுக்கு ஐரோப்பாவில் இதைவிட நல்ல இடம் அரிது. ஃபாவா என்று கேளுங்கள்: மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பச்சை வெங்காயம் தூவித் தருவார்கள். ஹோர்த்தா என்பது வேகவைத்த காட்டுக்கீரை, மேலே எலுமிச்சை. யீகாந்தெஸ் பெரிய வெள்ளை அவரை, தக்காளியோடு அடுப்பில் வேகவைத்தது. பிரியாம் என்பது கத்திரிக்காய், சுரைக்காய் வகை, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் கலவை. டாக்கோஸ் என்பது காய்ந்த பார்லி ரொட்டியின் மேல் தக்காளியும் மிசித்ரா பாலாடைக்கட்டியும்.

கவனிக்க வேண்டியவை: யெமிஸ்தா என்ற அடைத்த தக்காளியிலும், திராட்சை இலை உருண்டையிலும் சில சமயம் கொத்துக்கறி இருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். கிரேக்கர்களுக்கும் விரத உணவு உண்டு, பெயர் நிஸ்தீசிமோ. இறைச்சி, பால், முட்டை அதில் இருக்காது. ஆனால் கணவாய், எண்காலி, இறால் ஆகியவற்றை அவர்கள் விரதம் விலக்குவதில்லை. ஆகவே அந்தச் சொல் மட்டும் போதாது. “ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்சாரி, ஹோரிஸ் தலசினா, ஹோரிஸ் அவ்கோ” என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், கடலுணவு, முட்டை எதுவும் இல்லாமல். தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தாலும் புரிந்துகொள்வார்கள்.

அந்த வட்டாரத்தின் பெருமை ஸ்ஃபாக்கியா அடை. உள்ளே மிசித்ரா, மேலே தேன்; மெல்லிசாகத் தட்டித் தோசைக்கல்லில் சுடுவார்கள். மாவில் ராக்கி என்ற சாராயம் சிறிது சேர்ப்பது வழக்கம், விரதக்காரர்கள் தெரிந்து சாப்பிடுங்கள். சாப்பாடு முடிந்ததும் அதே ராக்கியை இலவசமாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அது விருந்தோம்பல், நெஞ்சில் கை வைத்து மறுத்தால் வருத்தப்பட மாட்டார்கள். பாலாடைக்கட்டி உறைய விலங்கு வயிற்றுப் புரை சேர்ப்பதும் வழக்கம்தான். கடும் சைவர்கள் ஃபாவா, கீரை, அவரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து நெய், பால் இனிப்பு, பாலாடைக்கட்டி எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் பயணப் பையில் வரக் கூடாது, பறித்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் அப்படியே. மசாலாப் பொடி, அப்பளம், எண்ணெய் ஊறுகாய் சரி. கடற்கரையில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கோடையில் வெளியில் தீ மூட்டுவது அங்கே குற்றம். காடும் புதரும் காய்ந்து கிடக்கும் தீவில் அந்தச் சட்டம் மிகச் சரியானது. கூடாரம் அடித்துத் தங்குவதற்கும் தடை உண்டு.

சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது? நடந்தே போகலாமா?
— வாசகர், பெல் ரோஸ்

மேற்கே தொடங்குங்கள். ஃபினிகாஸ் குடா வழியாக மார்மரா கடற்கரை வரை ஒன்று முதல் ஒன்றரை மணி நேர நடை. பழைய நூல்களில் ஃபீனிக்ஸ் என்று வரும் துறைமுகம் இந்தப் பகுதிதான். புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், பவுல் ஏறிய கப்பல் குளிர்காலத்தைக் கழிக்க வர விரும்பியதும் இங்கேதான். மார்மராவில் பளிங்குப் பாறைத் தட்டுகள் நீருக்குள் இறங்குகின்றன. அராதேனா பள்ளத்தாக்கின் வாய் அது. கோடையில் சிறுபடகும் வரும். நடந்து போய்ப் படகில் திரும்பினால் மதிய வெயில் மிச்சம்.

கிழக்கே ஒரு மணி நேரத்தில் கிளிக்கா நேரா, நன்னீர்க் கடற்கரை. மலையில் உருகும் பனியும் மழையும் பாறைக்குள் இறங்கி, கடலோரக் கூழாங்கல்லுக்கு அடியில் ஊற்றாக வெளிவருகின்றன. கல்லை விலக்கினால் குளிர்ந்த நன்னீர். ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: அங்கே ஆடையின்றிக் குளிப்பவர்கள் உண்டு, நெடுங்காலமாக அப்படித்தான். குடும்பத்தோடு போகிறவர்கள் இதைத் தெரிந்து முடிவெடுங்கள். யாரையும் முறைப்பதும் படமெடுப்பதும் கூடாது.

பாதை ஈ-4 என்ற நெடும்பாதையின் பகுதி. மஞ்சள், கறுப்பு அடையாளம் பார்த்துப் போகலாம். கிளிக்கா நேராவுக்கும் ஹோரா ஸ்ஃபாக்கியோனுக்கும் இடையில் ஒரு துண்டு பாறை விளிம்பில் குறுகலாகப் போகிறது, தடுப்பு இல்லை. உயரத்தில் தலை சுற்றுகிறவர்கள் அந்தத் துண்டைப் படகில் கடக்கட்டும். நிழல் எங்கும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கட்டுக் காலணி. செருப்பில் போகாதீர்கள், சரளைக்கல் உருளும். காலை எட்டு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள்.

சமாரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர், 1,230 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டம் வரை இறக்கம். முழங்கால் நல்லதாக இருந்தால் மட்டும். முடிவில் அயியா ரூமேலியிலிருந்து மாலைப் படகு லூத்ரோ வழியாக வரும். அதைத் தவறவிட்டால் இரவு அங்கேயே.

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?
— வாசகி, போர்ட் லூயி

போகலாம். படகின் சரிவுப்பலகை அகலமானது, ஊருக்குள் எந்த வீடும் துறையிலிருந்து சில நிமிட நடைதான். ஆனால் வீடுகள் சரிவில் அடுக்கடுக்காக இருப்பதால் மேல் அறை கிடைத்தால் ஐம்பது படி ஏறவேண்டி வரலாம். பதிவு செய்யும்போதே கீழ்த்தளம் என்று எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். கடலில் இறங்க ஏணியோ கைப்பிடியோ இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பணம், மின்சாரம், மற்ற சில்லறை விஷயங்கள்?
— பலர்

மொரீஷியஸ் ரூபாயைக் கிரீட்டில் மாற்றலாம் என்று எண்ணாதீர்கள். இங்கேயே யூரோ வாங்குங்கள், அல்லது ஹானியாவில் எந்திரத்தில் எடுங்கள். சிறு நோட்டாக இருக்கட்டும். அறை வாடகைக்கு மேல் அரசு வரி உண்டு: 2025 முதல், ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை, ஒன்று இரண்டு நட்சத்திர விடுதியில் அறைக்கு இரவுக்கு 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5 யூரோ. இணையத்தில் காட்டும் விலையில் இது சேராமல் இருக்கலாம்.

நம் மூன்று சதுரக் கம்பிச் செருகி அங்கே பொருந்தாது. இரண்டு வட்டக் கம்பி மாற்றி எடுத்துப் போங்கள். மின்னழுத்தம் நமக்குள்ளதுபோல் 230 வோல்ட். கோடையில் அங்கே நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால், குளிர்காலத்தில் இரண்டு மணி. கழிப்பறைக் காகிதத்தைக் குழிக்குள் போடாதீர்கள்; குழாய் ஒடுக்கம், அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் மூடிய கூடை இருக்கும். கழுவ நீர்க்குழாய் இருக்காது என்பதால் சிறு குவளை ஒன்று பையில் இருக்கட்டும்.

ஒலிபெருக்கியைக் கொண்டுபோகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நம் பொதுக் கடற்கரையில் பாட்டும் மேளமும் பந்தியும் நம் மகிழ்ச்சி. லூத்ரோவின் குடாவிலோ மூன்று பக்கமும் வீடு, பின்னால் பாறை. ஒரு மூலையில் போட்ட பாட்டு ஊர் முழுக்கக் கேட்கும். தேவாலயத்துக்குள் போகும்போது தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு துண்டு கைப்பையில் இருந்தால் போதும்.